லேமினேஷன் உரித்தவர்

மஸ்கட்டில் இறந்த என் கணவரின் இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும், கசங்காமல் இருக்கட்டும் என்று நானே லேமினேஷன் போட்டு வைத்தேன். முக்கியமான தாளுக்கு நாம் செய்கிற மரியாதை அதுதானே. ஆனால் அதன் பின்பக்கம் அங்குள்ள நம் தூதரகத்தின் முத்திரை இருந்தால்தான் தாம்பரத்தில் வாரிசுச் சான்றிதழ் தருவார்களாம். முத்திரைக்காக அதை எடுத்துப்போக வந்த அவருடைய நண்பர், "பிளாஸ்டிக் மேல சீல் போட மாட்டாங்கக்கா" என்றார்.

ராஜகீழ்ப்பாக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு ஓடி, விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் ஒல்லியான மனிதர். உடனே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஹேர் டிரையரால் சூடு காட்டி, விரலால் தடவித் தடவி ஓரத்திலிருந்து உரித்தார்.

நான் மேஜைமேல் குனிந்து பார்த்தேன். "கண்ணாடி போட்டுக்கலாமேண்ணா?"

"போட்டா பேரு தெரியும்மா. தெரிஞ்சா கை நடுங்கும்."

அரைமணி நேரம் ஆனது. ஒரு எழுத்துகூட அழியாமல் தாள் தனியாக வந்தது.

அடுத்த மாதம் அது முத்திரையோடு திரும்பியது. தாலுகா ஆபீசில் அதைப் பார்த்துவிட்டு நகலை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலையே கடைக்காரரிடம் போய்க் காட்டினேன். மறுபடியும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"வேலை முடிஞ்சுதுல்ல? இப்ப படிக்கலாமாம்மா?"

தலையசைத்தேன். நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி, தாளைத் திருப்பி, என் கணவரின் பெயரை வாய்விட்டு மெதுவாகப் படித்தார். அவர் சொன்னது சரிதான். அவர் கை நடுங்கியது.