ஊருக்கெல்லாம் விக்ரம் நம்பர்

டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமம். அங்கே யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் முதல் போன் டாக்டருக்குப் போகாது, விக்ரமுக்குத்தான் போகும். ஓட்டை ஆம்னி வேன் ஒன்று வைத்திருக்கிறான். கால் ஒடிந்தவர், கல்லடைப்புக்காரர், நெஞ்சுவலிக்காரர் எல்லாரையும் அதில் அடைத்துக்கொண்டு, திருமங்கலம் தாண்டிப் பசுமலைக்கு வருவான். பசுமலையில் நாங்கள் ஒரு ஸ்கேன் சென்டர் நடத்துகிறோம். நடத்துகிறோம் என்றால், முதலாளி வேறு ஆள். நான் சாருலதா. எடுத்த படங்களைக் கணினியில் பத்திரமாகச் சேர்த்து வைத்து, டாக்டர் கேட்கிற நேரத்தில் எடுத்துக் கொடுப்பது என் வேலை.

விக்ரமைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பதிவு மேசையில் போன் நம்பர் கேட்டால், நோயாளி வாயைத் திறப்பதற்குள் இவன் தன் நம்பரைச் சொல்லிவிடுவான். இப்போதெல்லாம் பிலிமை யாரும் கேட்பதில்லை, படமும் அறிக்கையும் போனுக்கே போய்விடும். அதனால் அந்த ஊரின் முதுகெலும்பு, முழங்கால், பித்தப்பை அத்தனையும் விக்ரமின் போனில்தான் குடியிருக்கின்றன.

"ஏன் தம்பி, அவங்களுக்குன்னு போன் கிடையாதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இருக்கு மேடம். பேசத் தெரியும், படத்தத் தொறக்கத் தெரியாது. அதுவும் மகன் மாசத்துக்கு ஒரு நம்பர் மாத்திக் குடுத்துருவான். எந்நம்பர் மாறாதுல்ல?"

படம் வந்ததும் வீடு வீடாகப் போய்ப் போனைக் காட்டுவான், அறிக்கையை வாசித்துச் சொல்வான். அவனுடைய அப்பா ஆண்டிச்சாமி காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழைத்தவர். காசநோய் முற்றி இரத்தமாக இருமிய அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை, போய்விட்டார். அதற்கப்புறம்தான் மில் வேலையை விட்டுவிட்டு விக்ரம் இந்த வேனை வாங்கினானாம். அவன் சொல்லவில்லை. அவன் வண்டியில் வந்தவர்கள் சொன்னார்கள்.

போன தை மாதம் அவனுடைய அம்மா ஒச்சம்மாளுக்கு விடாத இருமல். பருத்தி எடுக்கிற நாள் என்பதால் தூசியாக இருக்கும் என்றுதான் எக்ஸ்ரே எடுத்தோம். எங்கள் கணினியில் ஒரு வசதி உண்டு. புதுப் படம் வந்ததும், அதே ஆளுக்குக் கடைசியாக எடுத்த பழைய படத்தைத் தானாகவே தேடிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிடும். எங்கள் டாக்டர் கைலாசநாதன் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய படத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. இப்போதைய படத்தில் வலது மேல்பக்கம் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. புதிதாக வந்த கட்டி, புற்றுநோயாக இருக்கலாம், சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று எழுதினார். அறிக்கை விக்ரமின் போனுக்குப் போயிற்று.

ஊரார் அறிக்கையெல்லாம் வாசித்துச் சொன்னவன் இதை மட்டும் வாசிக்கவில்லை. சளிக்கட்டி, மாத்திரையில் கரைந்துவிடும் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டான். சி.டி.க்கு நாள் வாங்க வந்தவனிடம் பதிவு மேசையில் இரண்டு தடவை நம்பர் கேட்க வேண்டியிருந்தது. பிறகு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"அம்மாகிட்டச் சொல்லிராதீங்க மேடம். எங்கப்பாவக் கொண்டுக்கிட்டு வர அன்னைக்கு வண்டி இல்ல. இன்னைக்கு வண்டி இருக்கு, என்ன புண்ணியம்?"

அவன் மேல் இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

சி.டி. எடுக்கிற அன்று, வேனை நிறுத்த இடம் தேடி அவன் போயிருந்த சமயம் பார்த்து ஒச்சம்மாள் நேராக என் அறைக்குள் வந்துவிட்டார். ஒல்லியான உடம்பு, வெறும் கழுத்து. முந்தானையால் வாயைப் பொத்தி இருமிவிட்டுத்தான் பேசினார்.

"தாயி, ஏம் படத்தக் காட்டு. ஊருக்கே காட்டுறான், எனக்குக் காட்ட மாட்டேங்குறான்."

"டாக்டர் சொல்வாரும்மா. வெளிய உக்காருங்க."

"அவரு சொல்றது இருக்கட்டும். ஏ நெஞ்ச நாம் பாக்கக் கூடாதா?"

அது நியாயம்தான். திரையை அவர் பக்கம் திருப்பினேன். புள்ளியைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, "இது இப்ப எடுத்தது, இது மூணு வருசத்துக்கு முன்னாடி எடுத்தது" என்று மட்டும் சொன்னேன். அவர் புதுப் படத்தின் பக்கம் போகவே இல்லை. பழைய படத்தில், தோளோரம் பளிச்சென்று கிடந்த ஒன்றின் மேல் விரலை வைத்தார்.

"இது என்ன?"

"தாலிம்மா. எக்ஸ்ரேக்கு நகையெல்லாம் கழட்டச் சொல்வோம். தாலிய மட்டும் யாரும் கழட்ட மாட்டாங்க, ஓரமா ஒதுக்கிவிட்டு எடுப்போம். தங்கம் இப்படி வெள்ளையா விழும்."

ஒச்சம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏந் தாலிய அறுத்து ஏழு வருசமாச்சே தாயி. எனக்கு ஏது தாலி?"

திரும்பவும் அந்தத் தாலியைப் பார்த்தேன். தாலி விழுந்த படங்களையே நாள் முழுக்கப் பார்க்கிறோம். எங்களில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

"மூணு வருசத்துக்கு முன்னாடி நீங்க இங்க வந்தீங்களா?"

"இல்லையே. இவங்கப்பா செத்தப்ப, வீட்டுல எல்லாரும் நெஞ்சுப் படம் எடுக்கணும்னு சொன்னாங்க. அதுக்கு வந்ததுதான்."

"உங்க ஊர்ல வேற ஒச்சம்மாள் இருக்காங்களா?"

"குலசாமி பேரு தாயி. மூத்தது பொம்பளப் புள்ளன்னா அதத்தான் வைப்போம். தெருவுக்குத் தெரு இருக்கோம். நான் காட்டுவீட்டு ஒச்சம்மா, கீழத்தெருவுல இட்லிக்கடை ஒச்சம்மா..."

எந்த வருடம் வயது கேட்டாலும் எல்லாருமே குத்துமதிப்பாக ஐம்பது என்பார்கள். நம்பர் எல்லாருக்கும் விக்ரம் நம்பர். பெயர், வயது, நம்பர் மூன்றும் ஒத்துப்போனால் ஆளும் ஒன்றுதான் என்று கணினி தானே முடிவு கட்டி, இட்லிக்கடைக்காரர் நெஞ்சையும் இவர் நெஞ்சையும் ஒரே ஆளுடையதாகச் சேர்த்துவிட்டது. அப்படியானால் இவருடைய சொந்தப் பழைய படமும் அதே குவியலில்தானே கிடக்க வேண்டும்? தேடினேன். அடியில் கிடந்தது. ஏழு வருடத்துக்கு முந்தையது. திறந்து பார்த்தேன். தாலி இல்லை. வலது மேல்பக்கம் அதே இடத்தில் அதே சுண்டைக்காய் இருந்தது.

நான் டாக்டரைக் கூப்பிட்டுக் கத்திய கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கைலாசநாதன் ஓடிவந்து இரண்டு படத்திலும் புள்ளியை அளந்தார். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தார்.

"ஏழு வருஷமா கொஞ்சம்கூட வளரலை. பழைய காசநோய் ஆறின தழும்பும்மா இது. வேற ஒருத்தர் படத்தோட வச்சுப் பார்த்துட்டேன், மன்னிச்சுக்கோங்க."

எதற்கும் இருக்கட்டும் என்று சி.டி.யும் எடுத்தார்கள். அதிலும் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போன வெறும் தழும்புதான். ஊசி வேண்டாம், இருமலுக்கு மருந்து போதும். இட்லிக்கடைக்காரரின் படத்தையும் கையோடு சரிபார்த்தோம், அதிலும் ஒன்றுமில்லை. அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுவாரமே மென்பொருள் கம்பெனிக்காரரோடு சண்டை போட்டு, பதிவில் புதிதாக ஒரு கேள்வியைச் சேர்க்க வைத்தேன்: ஊரில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்? "எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே செய்யுங்கள், ஆனால் செய்யுங்கள் என்றேன். விக்ரம் நம்பரை நான் மாற்றச் சொல்லவில்லை. காட்டுவீடு வேறு, இட்லிக்கடை வேறு என்று இப்போது கணினிக்கும் தெரியும்.

சி.டி. எடுத்த அன்று விக்ரமிடம் செய்தியைச் சொன்னவளும் நான்தான். வேன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்நம்பரால வந்த வினையா மேடம்?"

"உன் நம்பர் இருந்ததாலதான் அவங்க பழைய படமும் கிடைச்சுது. எந்திரி தம்பி."

அவன் எழுந்திருக்கவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒச்சம்மாள் மெல்ல நடந்து அவன் முன்னால் வந்து நின்றார்.

"சளிக்கட்டின்னு சொன்னியேய்யா. சளிக்கட்டிக்கா இம்புட்டு அழுவ?"

விக்ரம் நிமிரவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும். நீ சோறு திங்காமப் படுத்தப்பவே தெரியும்." கையிலிருந்த மஞ்சப்பையைத் துழாவி ஒரு கவரை எடுத்தார். "போன வாரம் சந்தைக்குன்னு திருமங்கலம் போனேன்ல? ஸ்டுடியோவுக்குப் போனேன். நான் செத்தா நீ பாட்டுக்கு ஆதார் கார்டுல இருக்குற மூஞ்சிய எடுத்து பிளக்ஸ்ல போட்டுருவ. ஊரு சிரிக்கும்."

கவரில் பெரிய கலர் போட்டோ இருந்தது. பட்டுச்சேலை, படிய வாரிய தலை. சிரிக்கலாமா கூடாதா என்று முடிவு செய்யாத முகம். விக்ரம் அதை வாங்கிப் பார்த்தான்.

"ஊருப் படம் பூராம் ஏம் போன்ல இருக்கு மேடம்," என்றான். "எங்காத்தா மூஞ்சி ஒண்ணுகூட இல்ல."

"இப்ப இத என்னய்யா செய்ய?" என்றார் ஒச்சம்மாள்.

"வீட்ல மாட்டுவோம்த்தா."

"உசுரோட இருக்கறவ படத்தையா?"

"ஆமா. மாலை போடாம மாட்டுவோம்," என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்கு வேனின் முன்கதவைத் திறந்துவிட்டான்.