தார்த்தரையில் நின்ற வெள்ளைச் சேலை

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு புகைப்படம் என்னைத் தூங்க விடவில்லை. எடுத்தவர் என் நண்பர் குமாரசாமி. எடுத்தபோது பக்கத்தில் நின்றவன் நான்.

குமாரசாமிக்குச் செம்பவாங் கப்பல் தளத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. விடுமுறை என்றால் விமானங்களைப் படம் பிடிக்கக் கிளம்பிவிடுவார். மூன்று மாதத்துக்கு முன்பு அவர் மனைவி ராஜேஸ்வரி ஊருக்குப் புறப்பட்டார். அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி. கப்பலில் போக நேரமில்லை. முதல் விமானப் பயணம்... குமாரசாமி சும்மா இருப்பாரா? நீள லென்ஸோடு பாய லேபார் விமான நிலைய மாடத்தில் நின்றார். துணைக்கு நான்.

உச்சி வெயில். தார்த்தரை கொதித்தது. லென்ஸ் வழியே பார்த்தால், விமானம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. கானல்! நீள லென்ஸ் விமானத்தை மட்டுமா கிட்டே இழுக்கும்? நடுவில் கொதிக்கிற காற்றையும் சேர்த்துத்தான் இழுக்கும். ஃபில்டரை மாற்றினார், ஷட்டர் வேகத்தைக் கூட்டினார். நெளிவு நிற்கவில்லை.

பயணிகள் நடந்தார்கள். முழங்காலுக்குக் கீழே யாருக்கும் கால் இல்லை. முகங்கள் கரைந்து ஓடின. எல்லோரும் ஏறிய பிறகு, ஒரு வெள்ளைச் சேலை மட்டும் பாதி வழியில் நின்றது. எங்கள் பக்கம் திரும்பியது. கையைத் தூக்கியது.

ராஜேஸ்வரி அன்று கட்டியிருந்ததும் வெள்ளைச் சேலைதான். குமாரசாமி கண் கலங்கப் படம் எடுத்தார். இரண்டு பேரும் கை காட்டினோம்.

தாயார் பிழைத்துக்கொண்டார். ராஜேஸ்வரியும் போன வாரம் நல்லபடியாகத் திரும்பிவிட்டார். சிராங்கூன் ரோடு ஸ்டூடியோவில் பெரிதாக்கி வைத்திருந்த படத்தை, ஞாயிறன்று என் முன்னால்தான் குமாரசாமி அவரிடம் நீட்டினார்.

ராஜேஸ்வரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது நான் இல்லைங்க."

தலை சுற்றுகிறது என்றதும், விமானப் பணிப்பெண் ஒருவர் அவரை முதல் ஆளாகவே ஏற்றிவிட்டாராம். ஜன்னலோர இடம். மாடத்தில் நின்ற எங்களை அங்கிருந்தே பார்த்தாராம்.

"எல்லாரும் ஏறி, கதவையும் சாத்திட்டாங்க. வெளியில ஒரு ஆள் இல்லை. அப்பத்தான் நீங்க ரெண்டு பேரும் கை காட்டினீங்க. யாருக்குக் காட்டுறாங்கன்னு யோசிச்சேன்."

குமாரசாமி சமாளித்துப் பார்த்தார். கானல் வெளிச்சத்தை வளைக்கும், தூரத்துக் கம்பத்தைக்கூட ஆளாக்கிக் காட்டும் என்றார். கம்பம் கையைத் தூக்குமா?

இனிமேல் விடியற்காலையில்தான், தரை சூடேறும் முன்புதான் படமெடுப்பாராம். கானலுக்கு அது ஒன்றுதான் மருந்து என்கிறார். சொல்லிக்கொண்டே படத்தைக் கிழிக்கப் போனார். ராஜேஸ்வரி அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இருக்கட்டும். யாரோ, நம்மகிட்ட சொல்லிக்கிட்டுத்தானே போயிருக்காங்க."

போய்விட்டார்களா... அதுதான் எனக்குத் தெரியவில்லை.