நீலத் துண்டை வெட்டித் தராத ஜொகரா பீ

சென்ற வியாழக்கிழமை காலை, பாகூர் பஸ்ஸின் கண்டக்டர் புதுச்சேரியில் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து, "பாயம்மா பூட்டாங்க ஐயா. மத்தியானத்துக்குள்ள எடுத்துடுவாங்களாம்" என்றார். பஸ் திரும்பும்போது நானும் ஏறினேன். அரியாங்குப்பம் தாண்டி டயர் வெடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, ஆட்கள் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பாகூர் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காதர் பாயின் மனைவி ஜொகரா பீயை ஊரே பாயம்மா என்றுதான் அழைத்தது. இறந்த அன்று எல்லோரும் அவருக்குத் தங்கமான மனசு என்றார்கள். அந்த மனசு கேட்ட ஒன்றை இந்த ஊர் கொடுக்கவில்லை. அதைச் சொல்லாமல் அஞ்சலி எழுத எனக்கு வரவில்லை.

அவர் கேட்டது ஒரு பிரசவ அறை. சேரியில் முனியன் என்பவரின் மனைவி கன்னியம்மாவுக்கு ஒரு மழைக்காலத்தில் இடுப்பு வலி கண்டு, பிள்ளை வெளியே வராமல் இரண்டு நாள் ஆயிற்று. மாட்டுவண்டியில் ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். கிருமாம்பாக்கத்துக்கு முன்னால் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. தூக்கி நிறுத்துவதற்குள் தாயும் போனாள், பிள்ளையும் போனது. சவத்துக்குக் கோடித்துணி வாங்க முனியன் காதர் பாயின் கடைக்கு வந்தபோது பாயம்மா உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மறுநாளே கணவரை அழைத்துக்கொண்டு கொம்யூன் என்கிற ஊராட்சியின் தலைவரான மேரைப் பார்க்கப் போனார். சுவரை ஊர் எழுப்பட்டும், கூரையையும் மருத்துவச்சியையும் கொம்யூன் பார்த்துக்கொள்ளும் என்று மேர் சொன்னார். செய்தி சேகரிக்கப் போயிருந்த நான் அப்போது அங்கே இருந்தேன். சொன்னது என் காதில் விழுந்தது.

சுவருக்குப் பணம் சேர்க்கத்தான் ஒட்டுத்துணிப் போர்வைகள். வீட்டுக்கு ஒரு பழைய சேலை கேட்டு வாங்கி, ஏரியில் அலசி, கிழித்து, நான்கு மடிப்பாக அடுக்கி இழையோட்டித் தைப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் பின்கட்டில் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து தைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

"இன்னா பாயம்மா, எல்லா வூட்லயும் ஓட்டச் சேலயாப் பாத்துக் குடுத்துக்கிறாங்க!" என்றார் ஒரு பெண்.

"ஓட்டயத் தெச்சிக்கலாம்டி. ஒண்ணுமே குடுக்காத வூட்ட இன்னாத்தப் போட்டுத் தெக்கிறது?" என்றார் பாயம்மா. பின்கட்டே சிரித்தது.

அவரிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. ஒவ்வொரு போர்வையிலும் எல்லாத் தெருவின் துணியும் இருக்க வேண்டும். "ஒரு தெருத் துணிய மட்டும் தெச்சா அது அந்தத் தெருப் போர்வ தம்பி. இது ஊருப் போர்வ" என்று என்னிடம் சொன்னார். மிராசுதார் வீட்டம்மாள் கொடுத்த அரக்குச் சேலைக்குப் பக்கத்தில் ஒரு நீலத் துண்டு ஒவ்வொரு போர்வையிலும் இருந்தது. யாருடையது என்று கேட்டேன். கன்னியம்மாவுடையது, முனியன் கொண்டுவந்து கொடுத்தது என்றார். எதையும் மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அதை நான் பத்திரிகையில் எழுதினேன். எந்தத் துண்டு எந்த வீட்டுத் துணி, எதற்குப் பக்கத்தில் எது என்று ஒன்று விடாமல் எழுதினேன். ஊர் ஒன்றுபட்டதற்குச் சான்று என்று நினைத்தேன். இருபது வருஷமாக இந்தக் கொம்யூனில் செய்தி சேகரித்தவனுக்கு இந்த ஊர் அதை எப்படிப் படிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மேர் அலுவலக முற்றத்தில் இருபது போர்வைகளை விரித்திருந்தார்கள். மார்கழிக் குளிர், வாங்குவதாக வாக்குக் கொடுத்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் போர்வையைக் கையால் தொடவில்லை. கைத்தடியால் புரட்டி நீலம் எங்கே என்று பார்த்தார்கள். மிராசுதார்தான் முதலில் வாயைத் திறந்தார். "பாயம்மா, செத்தவ துணி, அதுவும் சேரித் துணி. அத வெட்டிட்டுக் குடு. சொன்ன வெலைக்கு மேலயே தரேன்."

"வெட்டுனா நடுவுல ஓட்ட வுழும் நைனா. குளிரு அது வழியாத்தான் உள்ள வரும்" என்றார் பாயம்மா.

"வேற துணி வெச்சி அடச்சிக்குடேன்."

"அவ செத்ததாலதான நைனா இந்தப் போர்வையே. அவள எடுத்துட்டு இன்னாத்த விக்கிறது?"

அன்று ஒரு போர்வைகூடப் போகவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "எங்கிட்ட எதுக்குத் தம்பி கேக்கிற? நீ எழுதனது நெசம்தான? தடியால பொரட்னாங்களே, அதயும் எழுது." எழுதிக் கொடுத்தேன். மிராசுதார்கள் சந்தாதாரர்கள் என்று ஆசிரியர் அதை நிறுத்திவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

கடைசியில் அந்தப் போர்வைகளை வாங்கியவர்கள் ஏம்பலத்திலிருந்தும் கரியமாணிக்கத்திலிருந்தும் விடியலில் கரும்பு ஏற்றி வரும் வண்டிக்காரர்கள். பாயம்மா சந்தையில் நின்று, நீலம் யாருடையது என்று சொல்லியே விற்றார். "குளுருக்குத் தெரியுமா பாயம்மா யாரு துணின்னு" என்று ஒருவர் போர்த்திக்கொண்டே போனாராம். பாதி விலைதான் கிடைத்தது. அப்படியும் சுவர் எழும்பிவிட்டது.

கூரை வரவில்லை. யுத்தம் என்றார்கள், ஓடு இல்லை என்றார்கள், கோப்பு புதுச்சேரியில் இருக்கிறது என்றார்கள். வாக்குக் கொடுத்த மேர் போய் வேறு மேர் வந்தார். பாயம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் மேர் அலுவலகம் போய், "கூர எப்ப போடுவீங்க?" என்று கேட்டுவிட்டு வருவார். சண்டை போடமாட்டார், பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பார். குமாஸ்தா ஒருவர் கடுப்பாகி, "உனுக்குத்தான் பிரசவம் ஆவுற வயசு போச்சே, உனுக்கு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். "நீ பொறந்த வலி ஒங்கம்மாவோட மட்டுமாடா போச்சு? ஊருக்கே இல்ல தொல்லையா ஆயிட்ட!" என்றாராம்.

அடக்கத்துக்குப் போன அன்று அந்தச் சுவர்களையும் போய்ப் பார்த்தேன். உள்ளே ஆமணக்கு ஆளுயரம் வளர்ந்திருக்கிறது. பாகூரில் வலி கண்ட பெண்ணை இன்னமும் வண்டியில்தான் ஏற்றுகிறார்கள்.

அவர் விட்டுப்போனதில் நான் எடுத்துக்கொள்ளப்போவது அந்தத் திங்கட்கிழமையைத்தான். வருகிற திங்கள் முதல் பஸ்ஸில் பாகூர் போகிறேன். அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கும். பெஞ்சில் நான்கு பேர் உட்காரலாம். அவரைத் தெரிந்தவர்கள் அதற்கு மேல் வந்தால் நின்றுகொண்டு கேட்போம்.