மோர் மிளகாயும் நாலரைக் கிலோவும்

1. எடை மெஷின்

இராமநாதபுரத்தில் டயாலிசிஸ் டெக்னீஷியனாகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரு திங்கட்கிழமை அது ரொம்பவே நீண்டுவிட்டது.

முனியசாமி அண்ணன் அபிராமம் பக்கத்து மிளகாய் விவசாயி. இரண்டு கிட்னியும் போய்விட்டதால் வாரம் இரண்டு முறை வருவார். உடம்பில் தேங்கிய தண்ணீர் இல்லாமல் இருக்கும் எடையை டிரை வெயிட் என்போம். அவருக்கு அது ஐம்பத்திரண்டு. அன்று மெஷின் ஐம்பத்தாறரை காட்டியது. நாலு நாளில் நாலரைக் கிலோ! சோறு தின்று யாருக்கும் அப்படி ஏறாது, அத்தனையும் தண்ணீர். மூச்சு வாங்க நின்றார்.

“குடம் குடமாக் குடிச்சீங்களாண்ணே?”

“நாக்கு வறண்டு போகுது தங்கச்சி. என்ன செய்யச் சொல்ற?”

“அப்ப உப்பு சேக்குறீங்க.”

“சத்தியமா இல்ல. கஞ்சில உப்பு கிடையாது. கருவாடு, ஊறுகா எல்லாத்தையும் விட்டாச்சு.”

“பொய் சொல்லாதீங்க!”

வார்டே திரும்பிப் பார்த்தது.

நாலரை லிட்டரை ஒரே தடவையில் எடுக்கப் போனோம். மூன்றாவது மணி நேரத்தில் பி.பி. விழுந்தது. கெண்டைக்கால் இழுத்து, மனிதர் அலறிவிட்டார். தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்து, சலைன் ஏற்றினோம். தண்ணீரை எடுக்க வந்தவருக்குத் தண்ணீரையே ஏற்றிய கூத்து. எழுந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“இனிமே நான் வரமாட்டேன்.”

2. பொட்டலம்

வியாழக்கிழமை அவர் மனைவி ராக்கம்மாள் மட்டும் வந்தார்.

“கால் இழுத்த வலிக்குச் செத்தே போகலாங்குறாரு. நீங்க சொன்னாலாவது கேப்பாரு.”

டயாலிசிஸை விட்டால் அவருக்கு மிச்சம் சில நாட்கள்தான். அந்த நிலையிலும் எனக்கென்று வழக்கமான பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பியிருந்தார். சொந்த வயலின் குண்டு மிளகாயில் போட்ட மோர் மிளகாய், வறுத்தே வரும். திட்டியவளுக்கும் மிளகாய்!

மதியம் தயிர்சாதத்துக்கு மூன்றைக் கடித்தேன். ஒரு பாட்டில் தண்ணீர் காலி. இரண்டாவது பாட்டிலைத் திறந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. உப்புப் போட்ட மோரில் நாள்கணக்கில் ஊறிக் காய்ந்த சாமான் அல்லவா இது? மாதக்கணக்கில் இதைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டேதான் அவரிடம் உப்பைத் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன்.

உடனே போன் போட்டேன்.

“அண்ணே, கஞ்சிக்கு என்ன தொட்டுக்குறீங்க?”

“மோர் மிளகாதான். உப்பில்லாத கஞ்சி பின்ன எப்பிடி எறங்கும்?”

“எத்தன?”

“வேளைக்கு நாலு, அஞ்சு.”

“அதுல உப்பு இருக்குல்லண்ணே!”

“அது மிளகாதான தங்கச்சி?”

மனிதர் பொய்யே சொல்லவில்லை. மிளகாய் போடுகிறவருக்கு அது மிளகாய்க் கணக்கு, உப்புக் கணக்கில் வராது.

3. பாட்டிலில் எழுதியிருந்தது

ஒரு லிட்டர் சலைனில் ஒன்பது கிராம் உப்பு. பாட்டிலிலேயே எழுதியிருக்கும். தினமும் அதை மாட்டிய நான் எக்ஸ்பைரி தேதியைத் தாண்டிப் படித்ததில்லை. உடம்பும் ஏறக்குறைய அந்தப் பக்குவத்தில்தான் தன் நீரை வைத்துக்கொள்ளும். கூடுதல் உப்பைக் கிட்னி வெளியே தள்ளிவிடும். கிட்னி படுத்துவிட்டால் உப்பு உள்ளேயே தங்கி, தாகத்தைக் கிளப்பி, பக்குவம் சரியாகும்வரை தண்ணீர் கேட்கும். அந்த உப்புத் தண்ணீர்தான் காலில் வீக்கம், நெஞ்சில் மூச்சிரைப்பு. கொஞ்சம் உப்பைத் தோலிலும் பதுக்கி வைக்கிறது என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். உப்பை உள்ளே விட்டுவிட்டுத் தண்ணீரைக் குடிக்காதே என்றால் யாரால் முடியும்?

“தண்ணிய ரெண்டு நாளாப் பிரிச்சு மெதுவா எடுப்போம், கால் இழுக்காது” என்று போனிலேயே அண்ணனிடம் கெஞ்சினேன். டாக்டரும் சரி என்றார். வெள்ளிக்கிழமை வந்தார், சனிக்கிழமையும் வந்தார். மோர் மிளகாய் நின்றது. சில வாரத்தில் எடை ஏறுவது இரண்டு கிலோவுக்குள் அடங்கியது. வார்டு முன்னால் திட்டியதால் வார்டு முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன்.

“அத விடு தங்கச்சி” என்றவர், பக்கத்தில் நின்ற ராக்கம்மாளைக் காட்டினார். “நேத்து வயல்ல இருந்து வந்து தண்ணி கேக்காம உக்காந்திருந்தேன். இவதான் பயந்துபோயி, உடம்புக்கு என்ன செய்யுதுன்னு கேக்குறா!”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். உப்பு சேர்க்கிறீர்களா என்று கேட்காதீர்கள், எதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். தாகம் எடுக்கிறது என்று சொல்கிறவரைத் திட்டாதீர்கள். அப்படித் திட்டித்தான் ஒரு நல்ல மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.