நகக்கண் அளவு காளான்

தொண்ணூறுகளில் அருள்புரத்துச் சாயப்பட்டறை ஒன்றில் நிறம் பார்க்கும் வேலை எனக்கு. வெளிநாட்டிலிருந்து வந்த மாதிரித் துணியும் நாங்கள் சாயமேற்றிய துணியும் ஒன்றுபோல இருக்கிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். அதே மேசையில் இன்னொருவர் இருந்தார். ஐம்பதை நெருங்கியவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த வருடம் அவர் சரியென்று சொல்லி அனுப்பிய நீலத்துணி இரண்டு முறை திரும்பி வந்தது. ஆள் இடிந்துபோனார். பிறகு ஒருநாள் தெளிந்த முகத்தோடு வந்தார். என்னவென்று கேட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். கொடைக்கானலுக்கு லாரி ஓட்டும் சிநேகிதர் காய்ந்த போதைக்காளான் கொடுத்திருக்கிறார். காலையில் நகக்கண் அளவு, அவ்வளவுதான்.

"போதையெல்லாம் இல்லீங்க அம்மிணி. கண்ணைக் கழுவி வெச்சாப்ல இருக்குது. தொட்டியில போற ஆவிகூட நெறமாத் தெரியுது."

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதன்பிறகு அவர் நல்ல துணியையெல்லாம் கழிக்க ஆரம்பித்தார். சாயக்காரர்கள் ஒரே துணியை மூன்று முறை முக்கியெடுத்தார்கள்.

ஒரு மதியம் நீலத்துணி ஒன்றை இரண்டாக வெட்டி அவர் முன் வைத்தேன்.

"ஏனுங்ணா, ரெண்டும் ஒண்ணுதானுங்களா?"

வெகுநேரம் பார்த்தார். "இல்லீங்க. இதுல பச்சை ஏறியிருக்குது."

வெட்டிய ஓரங்களைச் சேர்த்து வைத்தேன். இழைக்கு இழை பொருந்தின. அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். ஏன் இப்படிச் செய்தோம் என்று இருந்தது எனக்கு.

"கண்ணு மங்கிட்டு வருதுங்க அம்மிணி," என்றார். "ஒரு வருசமாச்சு. வெளிய சொன்னா வேலை போயிருமே."

அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு அவர் மனைவியோடு நானும் கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். கண்புரை என்றார் டாக்டர். விழிக்குள் மஞ்சள் படிந்தால் முதலில் நீலம்தான் குழம்புமாம். காளானைப் பற்றி அண்ணனே சொன்னார். டாக்டர் திட்டவில்லை. நிறம் கூடியதாக மனசுக்குப் பட்டிருக்கும், புரை அதற்கு விலகாது என்றார்.

அறுவை சிகிச்சை முடிந்து கட்டைப் பிரித்ததும் அண்ணன் தன் மனைவியின் சேலையையே பார்த்தார்.

"இதென்ன, இத்தனை நீலமா இருக்குது?"

"இருவது வருசமா இதே நெறந்தானுங்க," என்று அந்த அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

திரும்பும் பேருந்தில் அவர் சொன்னார்: "காளான் தின்னப்ப பாத்ததையும் பொய்யின்னு சொல்ல மனசு வரலீங்க. அழகாத்தான் இருந்துச்சு. ஆனா நாம பாக்க வேண்டிய துணி அதுல இல்லீங்களே."