லிப்டில் ஏறிய ஆட்டுக்கல்

பிள்ளைகளே, இந்தப் பம்பாயில் நாங்கள் மாடிக்கு ஏறுவதில்லை. சும்மா நிற்கிறோம், மாடி எங்களிடம் வந்து சேருகிறது. இரும்புக் கிராதி போட்ட ஒரு கூண்டு, அதற்குப் பெயர் லிப்ட். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் லிப்ட்காரர் கதவைச் சாத்திக் கைப்பிடியைத் திருப்பினால் கூண்டு எழும்பும். பொன்மலைப் பட்டறையில் எத்தனையோ இரும்பைத் தூக்கி இறக்கியவன் நான். இரும்பு என்னைத் தூக்கிக்கொண்டு போனது இங்கேதான்.

எங்கள் ஜாகை நாலாம் மாடியில். என் மனைவி செல்லம்மாள் ஸ்ரீரங்கத்துப் பெண். வீட்டில் ஆட்டுக்கல் இல்லை, ஆகையால் இட்டிலியும் இல்லை. ரொட்டியைப் பார்த்துப் பார்த்து அலுத்தவள், ஊரிலிருக்கும் தன் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள். அவரும் புதுக் கல் ஒன்றை ரயிலில் போட்டுக்கொண்டு வந்தே விட்டார். கட்டிடத்து வாசலில் கல் இறங்கியதும் அவள் சொன்னாள்: "இது மேல வந்தா நான் இருக்கேன். வரலேன்னா நாளைக்கு அண்ணன்கூட நானும் பாப்பாவும் ஊருக்குப் போயிடறோம்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டிரங்குப்பெட்டி ஏற்கெனவே கட்டிலடியிலிருந்து வெளியே வந்திருந்தது.

படிகளோ மரப்படிகள். பாரம் ஏற்றினால் உடையும் என்று வீட்டுக்காரர் தடுத்துவிட்டார்.

"என்ன மாப்ளே, மலைக்கோட்டை உச்சிக்கே கல்லு ஏறியிருக்கு. உங்க வீடு அதைவிட ஒசரமா?" என்றார் மச்சான்.

லிப்ட்காரரிடம் போனேன். "ஸிர்ஃப் ஆத்மி" என்று கையை விரித்தார். ஆட்கள் மட்டும்தானாம், சாமான் கூடாதாம். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், இது சாப்பாட்டுக் கல் என்றேன். அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மதராஸிகள் இதையா தின்கிறார்கள் என்பதுபோல முகத்தைச் சுளித்தார். நம் தெருவில் ஒரு கல் வந்து இறங்கினால், கூப்பிடாமலே நாலு கை வரும், அதோடு நாற்பது யோசனையும் வரும். இங்கே நாலு பேர் நின்று பார்த்துவிட்டு லிப்டில் ஏறிப் போய்விட்டார்கள்.

செல்லம்மாள் என்னோடு வாதாடவில்லை. புதுக் கல்லுக்கு வைக்கக் கொண்டுவந்த மஞ்சளைக் குழவிக்குப் பூசிக் குங்குமம் வைத்தாள். பாப்பாவின் போர்வையில் அதைச் சுற்றி இடுப்பில் எடுத்துக்கொண்டாள்.

"என் துணி" என்று பாப்பா சிணுங்கினாள்.

"ஆளுங்க மட்டுந்தானே? இதுவும் ஆளுதான்னு சொல்லுங்க" என்றாள் செல்லம்மாள் என்னிடம்.

பாப்பாவை ஸ்ரீரங்கத்தில் தொட்டிலில் இட்ட அன்று, அவளுக்கு முன்னால் அம்மிக்குழவியைத்தான் கிடத்தித் தாலாட்டினார்கள். பிள்ளை கல்லுப்போல் நீடித்திருக்க வேண்டும் என்று அப்படிச் செய்வது. அது நம் பக்கத்து வழக்கம் மட்டுமே என்று எண்ணியிருந்தேன். லிப்ட்காரர் ஸ்டூலை விட்டு எழுந்தார். குழவியைக் காட்டி, இரண்டு கைகளாலும் தொட்டிலை ஆட்டுவதுபோல ஆட்டினார். செல்லம்மாள் தலையசைத்ததும் தன் மார்பைத் தட்டிக்கொண்டு சிரித்தார். அவர் ஊரிலும் அப்படியேதானாம்.

கிராதி திறந்தது, அவள் உள்ளே போனாள். அவர் வாசலில் கிடந்த ஆட்டுக்கல்லைக் காட்டி, பிள்ளை மேலே போனால் தாய் தெருவில் கிடப்பாளா என்கிற மாதிரி ஏதோ கேட்டார். இந்தி ஒரு வார்த்தை தெரியாத மச்சான், "அப்படிச் சொல்லுங்கண்ணே" என்று கல்லை உருட்ட ஆரம்பித்துவிட்டார்.

கூண்டு முனகியது, ஆனாலும் எழும்பியது. மச்சான் கண்ணை மூடி "ரங்கா, ரங்கா" என்றார். ஒவ்வொரு மாடியிலும் கிராதிக்கு வெளியே முகங்கள் நின்றன. குங்குமம் வைத்த குழவியைப் பார்த்து ஒரு மார்வாடி அம்மாள் கும்பிட்டாள். கல்லை அடுக்களையில் உட்காரவைத்தபோது தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்த்ததுபோல எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மறுநாள் மச்சான் தனியாகத்தான் ரயிலேறினார்.

தவிடு போட்டு ஆட்டி ஆட்டிக் கொட்டிய பிறகே செல்லம்மாள் அரிசியைப் போட்டாள். முதல் ஈட்டில் லிப்ட்காரருக்கும் ஒரு தட்டு போயிற்று. அவர் சர்க்கரை கேட்டு வாங்கித் தொட்டுக்கொண்டார். புதுக் கல் அல்லவா, அப்படியும் இட்டிலியில் நறநறவென்று பொடி இருந்தது. பாப்பா "மண்ணு" என்று துப்பினாள். ஜன்னலுக்கு வெளியே பம்பாய்க் கடல் தெரிந்தது. என் பல்லில் அகப்பட்டது திருச்சிக் கல். நான் துப்பவில்லை, மென்று விழுங்கினேன்.