பேரைச் சொல்லிக் கூப்பிட்ட கல்லூரி

ஆவுடைத்தாய் என் தம்பி மனைவி. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போட்டுக் கொடுக்கிறவள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் புருஷன் பேரை அவள் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகளைத் திரும்பிப் பார்ப்பாள். மகள் சித்ரலேகாதான் "பாலசுப்பிரமணியன்" என்பாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படி இருந்தவள்தான்.

சித்ரலேகாவுக்கு வாயைத் திறந்தால் கேள்வி. "அத்தை, சாக்கடைய ஆத்துல விட்டுட்டு அந்தத் தண்ணியவே சாமிக்கு எப்படி எடுக்காவ?" என்பாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு என்ன தெரியும்? சிவசிவா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கினாள். சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரியில் இடம் கொடுத்தார்கள். சரித்திரம் படிக்கிறவள் கணக்கும் படிக்கலாமாம், பாட்டும் படிக்கலாமாம். ஃபீஸ் முழுக்க அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று கடிதம் வந்தது. தம்பிக்கு மில்லில் லீவு இல்லை. "அக்காவக் கூட்டிட்டுப் போயி நீயே பாரு. நீ சொல்லுததுதான் முடிவு" என்று ஆவுடையிடம் சொல்லிவிட்டான்.

மூன்று பேரும் போனோம். ஒரு வகுப்பில் பின்னால் உட்காரவைத்தார்கள். பாடம் நடத்திய அம்மாவுக்கு என் வயசு இருக்கும். நடுவில் ஒரு பையன், உட்கார்ந்தபடியே, "அனுராதா, நீங்க சொல்றது சரியில்லன்னு தோணுது" என்றான்.

ஆவுடை என் தொடையில் கிள்ளினாள். "மதினி, வாத்திச்சியப் பேரச் சொல்லுதான்!"

அந்த அம்மா கோபப்படவில்லை. அவன் சொன்னதைப் பலகையில் எழுதினார். அதைப் பார்த்துச் சித்ரலேகாவும் கையைத் தூக்கி ஏதோ கேட்டாள். "எனக்குத் தெரியலயேம்மா. நீ இங்க சேந்தா ரெண்டு பேரும் தேடிப் பாப்போம்" என்றார். எங்கள் பிள்ளையின் முகம் அன்று இருந்த மாதிரி நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

திரும்பும்போது ரயிலில் ஆவுடை சொன்னாள்: "பாடம் நடத்துதவளுக்கே ஒண்ணும் தெரியலயாம். சாப்பாட்டுக்குப் பிள்ளையளுக்குப் பின்னால தட்டத் தூக்கிட்டு நிக்கா. மட்டு மரியாதை இல்லாத இடம் மதினி."

"அம்மா, அது மரியாதை இல்லாம இல்லம்மா..."

"ஏட்டி, பேசாம வா."

நானும் ஆமாம் போட்டேன்.

ஊருக்குப் பக்கத்திலேயே வேறொரு கல்லூரியைப் பார்த்தோம். வாசலில் பிள்ளையார். காலையில் தேவாரம். எல்லார் நெற்றியிலும் திருநீறு. வாத்தியார் வந்தால் எழுந்து கையைக் கட்டுகிறார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "இதுல்லா படிப்பு!" என்றாள் ஆவுடை. அங்கேயே சேர்த்தோம்.

ஆறாவது மாதம் கூப்பிட்டு அனுப்பினார்கள். வாத்தியார் பாடத்தில் சொன்ன வருஷம் தப்பு என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டாளாம். தப்புதான் என்று பிறகு அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவ்வளவு கோபம். முதல்வர் அறையில் எங்களை உட்காரச் சொல்ல ஆளில்லை. "பொம்பளப் பிள்ளைய இப்படியா வளக்கது?" என்றார் முதல்வர். மேசையில் சாமி படம், ஊதுவத்தி. ஆவுடை கும்பிட்டாள். "தெரியாமச் செஞ்சிட்டா சார். ஏட்டி, சார் காலுல விழு" என்றாள். பிள்ளை அம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு விழுந்தாள்.

அதற்கப்புறம் அந்தக் கல்லூரியிலிருந்து புகாரே வந்ததில்லை.

இப்போது கடைசி வருஷம். போன மாதம் சொந்தத்தில் ஒரு வரன் வந்தது. "மாப்பிள்ளகிட்ட ஏதும் கேக்கணுமா தாயி?" என்று பெண் பார்க்க வந்தவர்களே கேட்டார்கள். இல்லையென்று தலையாட்டிவிட்டு அடுக்களைக்கு வந்துவிட்டாள். "எம்புட்டு அடக்கம்!" என்று வெளியே பேச்சு.

ஆவுடை உள்ளே வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, ஒண்ணே ஒண்ணு கேளேன். என்ன வேல பாக்கான்னாவது கேளேன். ஒனக்குப் பிடிக்கலன்னா இப்பமே சொல்லிப்புடுதேன்."

"நீ பாத்தா சரியாத்தாம்மா இருக்கும்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆவுடை சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். வெளியே காப்பி கேட்டார்கள். நான்தான் எடுத்துக்கொண்டு போனேன்.